அதைச் சூடு என்றுதான் சொல்வோம்

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பு கொட்டாஞ்சேனையில், காலை மழை விட்டு வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை இது நடந்தது. அன்றைய கதையை நான் யாருக்கும் வாயால் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது. எழுதினால் ஓரளவு வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்தே நான் கூச்சக்காரி. ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். கலியாணம் செய்யவில்லை. அக்கா, அத்தான் வீட்டில் இருந்துகொண்டு பள்ளிச் சீருடைகளும் சாரிக்குப் பிளவுஸும் தைக்கிறேன். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்குப் பேச வேண்டிய இடங்களில் எல்லாம் அவர்தான் பேசுவார். பஸ்ஸில் நான் இறங்கும் இடத்தைச் சொல்வதும் அவர்தான். பிளவுஸ் தைக்கத் தந்த அம்மா கூலியைக் குறைத்தால் சண்டைக்குப் போவதும் அவர்தான்.

“இவளுக்கு வாய் இல்ல. அதையும் சேர்த்து ஆண்டவர் எனக்கு ரெண்டு வாய் குடுத்திட்டார்” என்று கோயிலில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். உண்மைதானே.

அக்கா பக்கத்தில் இல்லாத இடங்களுக்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போவேன். வெள்ளவத்தையில் நூல் வாங்கப் போனால், நிறங்களை எழுதிய துண்டைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு ஓரமாக நிற்பேன். அவர் வாசித்து எடுத்துத் தருவார். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இப்படியே நாற்பத்தேழு வயது வரை வண்டி ஓடிவிட்டது.

அந்த வருடத் திருவிழா ஊர்வலத்தில் அக்கா நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு நடந்தார். எதையோ மிதித்து வலது பாதத்தில் கீறல். மஞ்சள் பூசிக்கொண்டு இருந்துவிட்டார். ஒரு கிழமையில் பாதம் சிவந்து வீங்கி, சிவப்பு கெண்டைக்கால் வரை ஏறியது. காய்ச்சலும் வந்தது. சனிக்கிழமை காலை டொக்டரிடம் போவதென்று முடிவானது. அத்தானுக்கு அன்று வேலை. நான்தான் துணை.

வழக்கம்போல வெள்ளிக்கிழமை பின்னேரமே ஒரு துண்டு எழுதினேன். கால் எப்போது வீங்கியது, காய்ச்சல் எப்போது தொடங்கியது, அக்கா குடிக்கும் பிரஷர் குளிசை என்ன என்று எழுதியபின், கடைசியாக இன்னொரு வரியும் எழுதினேன்: “முந்தி ஒருமுறை தொண்டை நோவுக்கு ஒரு கெப்சியூல் குடித்தபோது உடம்பெல்லாம் தடித்தது, உதடும் வீங்கியது.”

அது எட்டு ஒன்பது வருடத்துக்கு முந்திய சங்கதி. அந்தக் கெப்சியூலின் பெயர்கூட என்னிடம் இருந்தது. மருந்து போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறைகளை நான் எறிவதில்லை. அவற்றின் பின்பக்கத்தில் தையல் அளவு குறித்துக்கொள்வேன். அந்த உறையின் பின்னால் யாரோ ஒருவரின் தோள் அளவு. முன்னால் மருந்தின் பெயர். என் அளவுக் கொப்பிக்குள் அது அப்படியே இருந்தது. பார்த்து எழுதினேன்.

உடம்பு தடித்ததற்கு அந்தத் தடவை நாங்கள் டொக்டரிடம் போகவில்லை. ஏனென்றால் அது எங்களுக்கு நோய் வருத்தமே இல்லை. அது “சூடு”. எங்கள் பக்கத்தில் அன்டிபயோட்டிக் என்றாலே சூடான மருந்து. அதைக் குடித்து வாய் வெந்தால் சூடு. வயிறு எரிந்தால் சூடு. தோல் தடித்தால் சூடு கிளம்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், ஒரே வைத்தியம். தம்பிலி இளநீர் வெட்டு, கொத்தமல்லி அவி, தலைக்குத் தண்ணீர் வார். அன்றைக்கும் அக்கா கெப்சியூலை நிறுத்திவிட்டுத் தம்பிலி குடித்தார். இரண்டு நாளில் எல்லாம் வற்றிவிட்டது. “பாத்தியா, சூடுதான்” என்றார். நானும் ஓம் என்றேன்.

சனிக்கிழமை காலை டொக்டரின் அறையில் அக்கா கதிரையில் இருந்தார். நான் பின்னால் நின்றேன். துண்டு என் கைக்குள் மடித்தபடி இருந்தது. டொக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். எழுதத் தொடங்குமுன் நிமிர்ந்து, “அலர்ஜி ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

“ஐயோ இல்ல டொக்டர். எனக்கு இறாலும் ஒத்துக்கும், நண்டும் ஒத்துக்கும். அன்னாசிகூட ஒண்டும் செய்யாது. என்ட மனுசனுக்குத்தான் சூரை மீன் பட்டால் காணும், சொறிஞ்சு சொறிஞ்சு...”

டொக்டர் சிரித்தார். “மருந்துகளுக்கு?”

“மருந்துக்கு என்ன டொக்டர், கசக்கும். வேற ஒண்டும் இல்ல.”

அக்கா பொய் சொல்லவில்லை. அவருக்கு அலர்ஜி என்பது சாப்பாட்டால் வருவது. மருந்தால் வருவது சூடு. டொக்டர் சூடு இருக்கிறதா என்று கேட்கவில்லையே. கேட்டிருந்தால் அக்கா அரை மணி நேரம் கதை சொல்லியிருப்பார்.

என் கை ஒரு அங்குலம் மேலே வந்தது. அவ்வளவுதான். வெளியே வாங்கு முழுக்க ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். உள்ளே இருந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் குறுக்கே பேச எனக்குத் தெம்பு வரவில்லை. “இதெல்லாம் ஒரு கதையா?” என்று அக்கா கேட்பார் என்று பயந்தேன். துண்டைக் கைப்பைக்குள் போட்டேன்.

மருந்து உறை கைக்கு வந்ததும் முதலில் பெயரைத்தான் பார்த்தேன். பழைய பெயர் இல்லை. வேறு பெயர். அப்பாடா, வேறு மருந்து, பயமில்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று சொன்னபடியே அக்கா ஒரு கெப்சியூல் குடித்தார். நான் குசினிக்குள் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் கேட்டது.

“தங்கச்சி, உள்ளங்கை ரெண்டும் அரிக்குது. எங்கையோ இருந்து காசு சல்லி வரப்போகுது போல!”

சிரித்தேன். பிறகு கழுத்து அரிக்கிறது என்றார். வந்து பார்த்தேன். கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு.

“சூடு கிளம்புது. அந்தத் தம்பிலிய வெட்டு.”

முதல் நாள் அத்தான் வாங்கி வந்த தம்பிலி மூலையில் கிடந்தது. கத்தியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அன்ரி வாசலுக்கு வந்தார். அக்காவைப் பார்த்துவிட்டு, அவரும் அதையே சொன்னார்.

“அன்டிபயோட்டிக் தானே பிள்ள? சூடுதான். தம்பிலிய குடுத்திட்டு, தேசிக்காய் தேச்சுத் தலைக்குத் தண்ணி வாரு. நான் கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வாறன்.”

தம்பிலியில் முதல் வெட்டு விழுந்தது. அப்போது அக்கா ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கீழுதடு ஒரு பக்கம் தடித்துத் தொங்கியது. குரல் கம்மிப் போயிருந்தது. “தொண்டைக்குள்ள என்னவோ அடைக்குது” என்பதை இரண்டாம் முறை சொன்னபோதுதான் பிடிபட்டது. மூச்சு இழுக்கும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

“இது சூடு இல்ல” என்றேன்.

“என்ன பிள்ள சொல்றாய்? எங்கட வீட்டிலயும்...” என்று அன்ரி தொடங்கினார்.

“சூடு இல்ல அன்ரி. அக்காவப் பிடியுங்க. படுக்க விடாதீங்க. நான் ஓட்டோ கொண்டு வாறன்.”

அன்ரி வாயைத் திறந்தபடி நின்றார். பதினைந்து வருடப் பழக்கத்தில் நான் அவரிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செருப்புப் போடவில்லை. மருந்து உறையையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு சந்திக்கு ஓடினேன். ஓட்டோ பிடிப்பதும் எப்போதும் அக்காவின் வேலைதான். நான் கை நீட்டினால் யாரும் நிற்பதில்லை. பாதிதான் நீட்டுவேன். அன்று நடுரோட்டில் போய் நின்றேன். பிரேக் போட்ட ஓட்டோக்காரர் ஏச வாயெடுத்தார். நான் அவருக்கு முந்திக்கொண்டேன். “அண்ணே, அக்காவுக்கு மூச்சு எடுக்க ஏலாது. ஆஸ்பத்திரிக்கு!” அவர் ஏச்சை விழுங்கிக்கொண்டு வண்டியை எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பினார்.

வழி முழுக்க அவர் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்திருந்தார். என் கையை நோகும் அளவுக்குப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு வாயும் அடைத்துப் போனதை என்னால் தாங்க முடியவில்லை. மனசுக்குள் ஜெபம்கூட வரவில்லை. “கதையுங்க அக்கா, என்னை ஏசுங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் ஓட்டோக்காரர் அக்காவைத் தாங்கிக்கொண்டார். உள்ளே சனம். மேசையில் ஒரு தாதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போனது. முதல் நாள் எழுதிய துண்டையும் மருந்து உறையையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். நீட்டிவிட்டு நின்றேன்.

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைத் திருப்பித் தந்தார்.

“மட்ட தெமல கியவன்ன பே, நங்கி. கட்டின் கியன்ன.”

தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, வாயால் சொல்லு என்கிறார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருடமும் நான் ஒளிந்துகொண்ட துண்டு என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. எனக்குப் பின்னால் அக்காவின் மூச்சு விசிலடித்தது.

எனக்குச் சிங்களம் விளங்கும். பேச மாட்டேன். பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம். அன்று பிழையும் சரியும் பார்க்க நேரமில்லை. மருந்து உறையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“மே பெஹெத்த பிவ்வா! தென் ஹுஸ்ம கன்ன பே! மீட்ட கலினுத் உனா!”

இந்த மருந்து குடித்தார், இப்போது மூச்சு எடுக்க முடியவில்லை, இதற்கு முந்தியும் இப்படி வந்தது. இவ்வளவுதான் சொன்னேன். அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. வேறொரு நாளென்றால் நான் அங்கேயே உருகிப் போயிருப்பேன்.

தாதி எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது. தள்ளுவண்டி வந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். திரை மூடுமுன் தொடையில் ஊசி போடுவதையும் முகத்தில் ஒட்சிசன் வைப்பதையும் கண்டேன். அதன் பிறகு சுவரோரமாக நின்றேன். வெறுங்காலில் சேறு. கையில் இன்னும் பருப்புத் தாளித்த மணம். அடுப்பை நிறுத்தினேனா என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. பிறகு தெரிந்தது, அன்ரி நிறுத்தியிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் இளம் பெண் டொக்டர் ஒருவர் வெளியே வந்தார். சிங்களவர். ஆனால் பழகித் தேய்ந்த தமிழில் பேசினார். “அக்கா நல்லா மூச்சு எடுக்குறாங்க. இன்னிக்கு இங்க வெச்சுப் பார்க்கணும், சில நேரம் திரும்பியும் வரும். முந்தி என்ன மருந்துக்கு இப்பிடி வந்தது?”

துண்டைப் பார்த்துப் பழைய கெப்சியூலின் பெயரை வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஆனால் மிஸ், இது அது இல்லையே. பேர் வேற” என்றேன்.

“பேர் வேற. குடும்பம் ஒண்டு. ரெண்டும் பெனிசிலின் குடும்பம்.”

அது எனக்குப் பளிச்சென்று விளங்கியது. அக்காவின் பெயருக்குப் பின்னால் அத்தானின் பெயர் இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் இருக்கிறது. கடதாசியில் பார்க்கிறவருக்கு நாங்கள் யாரோ இரண்டு பேர். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

“நாங்க இதைச் சூடு எண்டு சொல்லுவோம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நிறையப் பேர் அப்பிடித்தான் சொல்லுறாங்க. இது சூடு இல்ல, அலர்ஜி. ஒருக்கா வந்தா அந்த மருந்த நிப்பாட்டிட்டு டொக்டருக்குச் சொல்லணும். அடுத்த தரம் இன்னும் மோசமா வரலாம். இன்னிக்கு வந்தது மாதிரி.”

காலையில் இந்தத் துண்டு என் கைக்குள்ளேயே இருந்ததை அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் துண்டை வாங்கி, அக்காவின் கோப்போடு சேர்த்துக் கிளிப் போட்டார். “காலையில சொல்லல்ல. இங்க வந்து சொன்னீங்க தானே. இனி எல்லாருக்கும் சொல்லுங்க.”

மறுநாள் காலை நான் போனபோது அக்காவின் முகம் பழையபடி ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “அந்தத் தம்பிலி என்ன ஆச்சு? வெட்டின படியே கிடக்கா?”

அத்தான் குடித்துவிட்டார் என்றேன். “அதானே பாத்தன். நான் இங்க சாகக் கிடக்கிறன், அந்த ஆளுக்குச் சூடு” என்றார். வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே ஓடி வந்தேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கால் இன்னும் சிவந்துதான் இருந்தது. அதற்கு வேறு அன்டிபயோட்டிக் தொடங்க வேண்டும் என்றார்கள். அக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டார். “இனி ஒரு கெப்சியூலும் என்ட வாய்க்குள்ள போகாது. கால் போனாலும் பரவாயில்ல.” முதல் நாள் பட்ட பயம் அப்படி. அத்தான் கெஞ்சினார். சரிவரவில்லை.

டொக்டர்மார் வார்டைச் சுற்றி வரும் நேரம் நான் எழுந்து நின்றேன். கையில் புதிய துண்டு. இந்த முறை நீட்டவில்லை. நானே வாசித்தேன். குரல் நடுங்கியது. கடைசிவரை வாசித்தேன். இந்த மருந்தும் அதே குடும்பமா? எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா? பிரஷர் குளிசையோடு குடிக்கலாமா? இதனால் என்ன கரைச்சல் வரும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை? கால் சுகமானால் நிறுத்தலாமா?

அதே பெண் டொக்டர்தான் பதில் சொன்னார். இது வேறு குடும்பம். பிரஷர் குளிசையைத் தொடரலாம். கெப்சியூலை ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு நிமிர்ந்திருந்து குடிக்க வேண்டும், குடித்தவுடன் படுக்கக் கூடாது. நேரம் தவறக் கூடாது. கால் நன்றாகத் தெரிந்தாலும் தந்த நாட்கள் முடியும்வரை குடிக்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. வயிறு கொஞ்சம் பிரட்டலாம், இளக்கமாகப் போகலாம். அது பலருக்கும் வருவது. ஆனால் தண்ணீர் போலப் பல தடவை போனால், இரத்தம் கண்டால், அல்லது திரும்பவும் தடிப்போ வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால், யோசிக்காமல் உடனே வர வேண்டும். ஒவ்வொன்றையும் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவளுக்கு இவ்வளவு கதை வருமா?” என்று அத்தானிடம் கேட்டார். பிறகு தாதியைப் பார்த்து, “குடுங்க மிஸ் அந்தக் கெப்சியூல” என்றார். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். “பிள்ள, எனக்கும் ஒண்டு கேட்டுச் சொல்லேன்.” கேட்டுச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபின் மருந்து நேரம் தவறாமல் இருக்க என் தொழிலில் இருந்தே ஒரு வழி செய்தேன். மிச்சம் இருந்த கெப்சியூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசியாக என் ஊசிமெத்தையில் குத்தி வைத்தேன். ஒன்று குடித்தால் ஒரு ஊசியைப் பிடுங்குவேன். அக்கா குடித்தேன் என்று பொய் சொன்னாலும் ஊசி பொய் சொல்லாது.

மூன்றாம் நாள் அக்காவுக்கு இரண்டு தடவை இளக்கமாகப் போனது. “பார், இதுவும் சூடுதான்” என்று தொடங்கினார்.

“சூடு எண்டு சொல்லாதீங்க அக்கா. என்ன நடந்தது எண்டு சொல்லுங்க. எத்தன தரம்? தண்ணி மாதிரியா? ரத்தம் இருந்ததா?”

“சீ, இதையெல்லாம் கேட்பியா நீ?” என்று வெட்கப்பட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் வெட்கப்பட்டது நான் இல்லை. தண்ணீர் போல இல்லை, இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் நானாக ஒரு முடிவு எடுக்கவில்லை. சந்தியில் உள்ள மருந்துக்கடைக்குப் போய், ஆட்கள் நிற்கும்போதே மருந்தாளரிடம் வாயால் கேட்டேன். தொடர்ந்து குடிக்கலாம், தண்ணீர் நிறையக் கொடுங்கள், கூடினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அடுத்த நாளே வயிறு அடங்கியது.

ஐந்தாறு ஊசி மிச்சம் இருக்கும்போது பாதத்தின் வீக்கம் வற்றித் தோல் சுருங்கியது. “சுகம்தானே, மிச்சத்த வச்சா இன்னொரு நாளைக்கு உதவும்” என்றார் அக்கா. நான் ஊசிமெத்தையை அவர் முன்னால் வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே குடித்தார்.

பக்கத்து வீட்டு அன்ரியும் வந்தார். அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாத முதல் கெப்சியூல்கள் உறையோடு இருப்பது அவருக்குத் தெரியும். “அதை ஏன் பிள்ள வீணாக்கிற? எங்கட ஆளுக்குப் பல்லு வலி. ரெண்டு தா.”

“அது அக்காவுக்கு எழுதினது அன்ரி. அங்கிளுக்கு எழுதல்ல. அவரப் பல்லு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்க. வேணுமெண்டால் நான் துணைக்கு வாறன்.”

அன்ரி அக்காவைப் பார்த்தார். “என்ன இது, இவளுக்கு வாய் வந்திட்டுது?”

“எனக்குக் குடுத்த ரெண்டுல ஒண்ட வாங்கிட்டாள்” என்றார் அக்கா. அந்தக் கெப்சியூல்களை மருந்துக்கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி ஊசியைப் பிடுங்கிய அன்று அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். வெறுங்கால் நேர்த்தி இனி இல்லை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை தந்தார்கள். சிவப்பு எழுத்தில், பெனிசிலின் குடும்ப மருந்துகள் கொடுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே நான் தமிழில் எழுதினேன். கிளினிக்குக்குப் போனபோது, அன்று என்னை வாயால் சொல்லச் சொன்ன தாதியைத் தேடிப் பிடித்துச் சிங்களத்திலும் எழுதித் தரச் சொன்னேன். யாரும் வாசிக்கத் தெரியாது என்று திருப்பித் தரக் கூடாது அல்லவா? அந்த அட்டை அக்காவின் அடையாள அட்டையோடு ஒரே உறைக்குள் இருக்கிறது.

போன மாதம் அக்காவுக்குப் பல் வலி. பல் டொக்டரிடம் போனோம். இந்த முறை எனக்கும் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுதுமுன் நிமிர்ந்து, “மருந்து ஏதும் ஒத்துக்காதா? அலர்ஜி?” என்று கேட்டார்.

அட்டை அக்காவின் கையில்தான் இருந்தது. இறால், நண்டு, அன்னாசி என்று தொடங்க அவருக்கு இரண்டு வாயும் இருந்தது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீ சொல்லு.”

சொன்னேன். மருந்தின் குடும்பம், இரண்டு தடவை வந்தது, எப்படி வந்தது என்று எல்லாம் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். நான் இன்றைக்கும் கூச்சக்காரிதான், நூல் வாங்கத் துண்டோடுதான் போகிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்க எனக்காகப் பேசிய அக்காவுக்காக அந்த ஒரு பதிலைச் சொல்லும்போது மட்டும் என் குரல் நடுங்குவதில்லை.